அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் அளிப்பவர், தரைப்படையில் பணியாற்றி, படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. எனப்படும் படைப்பணித் தேர்வு வாரியம் ஒன்றில் குழுத் தேர்வு அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு மாணவி நான். என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழ் பெற்றிருக்கிறேன். அண்மையில் எஸ்.எஸ்.பி.க்குச் சென்று, ஐந்து நாளும் இருந்துவிட்டுத் தேர்வாகாமல் திரும்பினேன். வருத்தம் இருந்தாலும், எங்களை மதிப்பிட்ட அதிகாரிகளின் பணி என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தப் பணிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா? அதில் ஊதியமும் பதவி உயர்வும் எப்படி இருக்கும்?
— ஒரு மாணவி, மதுரை

பதில்: நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உளவியலாளர் பணிக்கு மட்டும் வேறொரு வழி உண்டு. அதை அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன். மற்றபடி, முதலில் நீங்கள் படை அதிகாரியாக வேண்டும். சில ஆண்டுகள் வீரர்களோடு வாழ்ந்து, அவர்களை வழிநடத்தி, ஓர் அதிகாரியின் தவறான முடிவால் கீழே இருப்பவர்களுக்கு என்ன நேரும் என்பதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகே தேர்வு மையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள்.

அங்கே மதிப்பிடுபவர்கள் மூன்று வகையினர்: உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, ஜி.டி.ஓ. என்று எல்லோரும் அழைக்கும் குழுத் தேர்வு அதிகாரி. மனம், சொல், செயல் ஆகிய மூன்றையும் மூவர் தனித்தனியே பார்க்கிறார்கள் என்று மையங்களில் சொல்வது வழக்கம். இவர்கள் டெல்லியில் உள்ள டி.ஐ.பி.ஆர். என்னும் பாதுகாப்பு உளவியல் ஆய்வு நிறுவனத்தில் பயிற்சி பெற்ற பிறகே மதிப்பீட்டுப் பணியில் அமர்கிறார்கள். ஜி.டி.ஓ. பொதுவாக மேஜர் அல்லது லெப்டினன்ட் கர்னல் நிலையில் இருப்பார். பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, ஜலந்தர் ஆகிய தரைப்படை மையங்களிலோ, விமானப்படையானால் மைசூரு, டேராடூன் போன்ற இடங்களிலோ, கடற்படையானால் விசாகப்பட்டினம், கொல்கத்தா போன்ற இடங்களிலோ பணியாற்றுவார்.

இப்பணிக்கென்று தனி ஊதியம் இல்லை. பதவி நிலைக்குரிய ஊதியமே கிடைக்கும். ஏழாவது ஊதியக் குழுவின்படி லெப்டினன்ட்டாகத் தொடங்குபவரின் அடிப்படை ஊதியம் மாதம் ரூ.56,100, மேஜருக்கு அது ரூ.69,400இல் தொடங்குகிறது. இதோடு படைப்பணி ஊதியமாக ரூ.15,500உம் அகவிலைப்படி முதலியவையும் சேரும். பணியில் சேர்ந்து 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் என்பது கால அளவில் வரும் உயர்வு. அதற்கு மேல் கர்னல் ஆவது தேர்வு முறையில்தான். அங்கே படைப்பிரிவில் ஆற்றிய பணி குறித்த அறிக்கைகளுக்கே எடை அதிகம். ஆகவே தேர்வு மையப் பணியைப் பதவி உயர்வுக்கான ஏணி என்று எண்ணி யாரும் வரக் கூடாது. அது சில ஆண்டுகள் இருந்துவிட்டு மீண்டும் தன் பிரிவுக்குத் திரும்பும் ஒரு பொறுப்பு.

ஆயினும் என் பணிக்காலத்தில் என்னை மிகவும் மாற்றியது அந்தச் சில ஆண்டுகள்தாம். நான் மையத்துக்கு வந்த புதிதில் என் குழுவில் இருந்த இளைஞர் ஒருவர், மூன்று நிமிட உரையில் ஒரு நிமிடம் பேசிவிட்டு ஆங்கிலம் வராமல் நின்றுவிட்டார். குழு விவாதத்திலும் அதே தயக்கம். நான் தாழ்வாக மதிப்பெண் இட்டேன். ஐந்தாம் நாள் கலந்தாய்வில், அதுவரை தங்கள் கணிப்பை வெளியே சொல்லாதிருந்த மூவரும் முதன்முறையாக ஒன்றாக அமர்ந்தபோது, மற்ற இருவரின் கணிப்பும் என்னுடையதற்கு நேர்மாறாக இருந்தது. என் குறிப்பேட்டை மறுபடி புரட்டினேன். ‘பேச்சில் தயக்கம்’ என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். அவற்றுக்கு நடுவே, தடைகளைக் கடக்கும் குழுப் பணி நடந்தபோது நானே எழுதிய வரி ஒன்றும் இருந்தது: ‘கட்டை சரிந்தபோது, அதைப் பிடிப்பதற்கு முன் கீழே நின்றவனை விலக்கினான்.’ கண்டதை எழுதியிருக்கிறேன்; ஆனால் அதற்குரிய எடையைத் தரவில்லை. அந்த இளைஞர் பரிந்துரைக்கப்பட்டார். இந்தப் பணிக்கு வேண்டிய முதல் தகுதி, தனக்குப் பிடித்த சாயலைத் தேடாமல் இருப்பதுதான் என்று அன்று கற்றேன்.

உங்களுக்கு இப்போதைக்கு ஒன்று சொல்வேன். ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ தரமும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே என்.சி.சி. சிறப்பு நுழைவில் மீண்டும் எஸ்.எஸ்.பி.க்குச் செல்லலாம்; சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த படைப்பணித் தேர்வும் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஒருமுறை தேர்வாகாதது தடையே அல்ல.

கேள்வி: உளவியலில் முதுகலை படிக்கிறேன். சீருடை அணியாமல் எஸ்.எஸ்.பி.யில் உளவியலாளராகப் பணியாற்ற இயலுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: இயலும். டி.ஐ.பி.ஆர்., டி.ஆர்.டி.ஓ. எனப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் கீழ் இயங்கும் நிறுவனம். தேர்வு வாரியங்களில் சீருடை அணிந்த உளவியலாளர்களோடு அந்நிறுவனத்தைச் சார்ந்த குடிமைப் பணியாளர்களும் இருக்கிறார்கள். டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானி ‘பி’ நிலைக்கு அறிவிப்பு வெளியிடும்போது அதில் உளவியல் பாடத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இடங்கள் மிகக் குறைவு. எல்லா ஆண்டும் வராது. தொடக்க அடிப்படை ஊதியம் இங்கும் ரூ.56,100.

வேலையின் தன்மையையும் அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 12 படங்களுக்குக் கதை எழுதுகிறார். அவற்றில் கடைசிப் படம் வெறும் வெள்ளைத் தாள். பிறகு 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்களுக்கு வாக்கியம், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில், இறுதியில் தன்னைப் பற்றிய குறிப்பு. இவ்வளவையும் அந்த ஆளின் முகத்தைப் பார்க்காமலே, கையெழுத்தில் இருந்து படித்து எடுக்க வேண்டும். தொகுதி தொகுதியாக இதைச் செய்யும்போது, முப்பதாவது விடைத்தாளையும் முதல் தாளைப் படித்த அதே கவனத்தோடு படிக்கும் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கேள்வி: அமெரிக்கப் படையில் ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்கு மாத இலக்கு உண்டு என்கிறார்களே, இங்கும் அப்படியா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: இல்லை. அங்கே படைக்கு ஆட்களைத் தேடி அழைத்து வருபவர் வேறு. அவருக்கு எண்ணிக்கை இலக்கு உண்டு. 2022இல் அமெரிக்கத் தரைப்படை தன் இலக்கில் 15,000 பேர் குறைவாகவே சேர்த்தது. அந்த அழுத்தம் கடைசியில் விழுவது அவர் தோளில்தான். இங்கே எஸ்.எஸ்.பி. அதிகாரியிடம் ‘இத்தனை பேரைக் கொடு’ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தொகுதியில் ஒருவர்கூடத் தேறாமல் போவதும் உண்டு. அதிகாரிகள் பற்றாக்குறை இருக்கும்போதும் தரத்தைத் தளர்த்தாமல் இருப்பது சரி என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: குறுகிய காலப் பணியில் சேர்ந்த நான், மையம் ஒன்றில் ஜி.டி.ஓ.வாக இருக்கிறேன். ஓராண்டில் விடுவிக்கப்படுவேன், ஓய்வூதியம் கிடையாது. இந்த அனுபவத்துக்கு வெளியே மதிப்பு உண்டா?
— ஓர் அதிகாரி

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் 1942இல் அமைத்த அதிகாரி தேர்வு வாரியங்களே உங்கள் பணிக்கும் முன்னோடி, இன்று பெருநிறுவனங்கள் மேலாளர்களைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பீட்டு மைய முறைக்கும் முன்னோடி. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. 1956இல் அம்முறையை வணிக உலகுக்குக் கொண்டுவந்தது. எனவே மனிதவளத் துறைக்கு நீங்கள் அந்நியர் அல்லர். ஆனால் விண்ணப்பத்தில் ‘ஜி.டி.ஓ.’ என்று எழுதினால் அவர்களுக்குப் புரியாது. குழுச் செயல்பாட்டை நேரில் கண்டு, வரையறுத்த 15 பண்புகளின் அடிப்படையில் ஆளை மதிப்பிட்ட அனுபவம் என்று விளக்கி எழுதுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் பணி முடிக்கும் அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். முதலிய நிறுவனங்களில் மேலாண்மைப் படிப்புகளுக்கு ஏற்பாடு செய்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது. விடுவிப்புத் தேதிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால் இப்போதே தொடங்குங்கள்.

பயிற்சி மையங்களும் உங்களை அழைக்கும். போகலாம், தவறில்லை. இளைஞர்களை மேடையில் பேச வையுங்கள், செய்தித்தாள் படிக்க வையுங்கள், கயிறு கட்டக் கற்றுக்கொடுங்கள். படக்கதைகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 12 கதைகளிலும் ஒரே நாயகன் ஊரைக் காப்பாற்றினால், அது கற்றுக்கொடுத்த கதை என்பது உங்களுக்கே தெரியும். மையத்தில் கண்ட கோப்புகளும் கலந்தாய்வில் கேட்டவையும் ரகசியம் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை; அவற்றைக் கேட்கும் மையத்தில் சேர வேண்டாம்.