மாத்திரை போட்டால் அடங்குகிற ஈறு வீக்கம் ஏன் திரும்பி வருகிறது?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு வயது 44. ஒரு வருடமாகப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. மூன்று முறை கடைவாய் ஈறு வீங்கி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். மூன்றே நாளில் அடங்கியது, ஓரிரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. ஆழமாகச் சுத்தம் செய்யவேண்டும் என்கிறார் பல் மருத்துவர். க்ளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்று பயமாக இருக்கிறது. நல்ல ஆன்டிபயாடிக்காக ஒரு கோர்ஸ் போட்டால் போதாதா? இதய வால்வு மாற்றிய என் அம்மாவுக்கும் இதே தொந்தரவு. அவருக்கும் அதே மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: உங்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. அம்மாவுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருந்தால் ப்ளீச்சிங் பவுடரை மட்டும் கரைத்து ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தெளியும், சுவரில் வழுவழுவென்று ஒட்டியிருப்பது அப்படியே இருக்கும். தேய்த்து எடுத்தால்தான் போகும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலும் கிருமிகள் இப்படித்தான் ஒரு பிசுபிசுப்பான படலத்துக்குள் குடியிருக்கின்றன. அங்கே அவற்றைக் கொல்ல, தனியாக மிதக்கும் கிருமிக்குப் போதுமானதைவிடப் பல நூறு மடங்கு மருந்து தேவைப்படலாம். அவ்வளவையும் யாராலும் விழுங்க முடியாது. நீங்கள் போட்ட மாத்திரை ஈறு சதைக்குள் புகுந்த கிருமிகளைக் குறைத்தது, வீக்கம் வற்றியது. பல் வேரில் கல்லாகக் கெட்டிப்பட்டு ஒட்டிய காரையும் அதன்மேல் படர்ந்த படலமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால்தான் ஓரிரு மாதத்தில் மறுபடி வீக்கம்.

உங்கள் மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறோரத்தை அளந்தாரா? ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் மெதுவாக இறக்கிப் பார்க்கவேண்டும். 3 மி.மீ. வரை இறங்கினால் சரி. 4, 5 என்றால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது. 6-க்கு மேல் போனால் எலும்பு கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். டூத் பிரஷ் அந்த ஆழத்துக்குப் போகாது. அளக்காமலே 'ஆழமான க்ளீனிங்' என்று பேக்கேஜ் சொன்னால், அளந்து, அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி மெடிக்கல் ஷாப். பல் வலி, ஈறு வீக்கம் என்றதும் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையில் ஆறு, கூடவே ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை எனப் பட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. பெரும்பாலும் வயிற்றுப்போக்குக்கு எழுதப்படுகிற சேர்க்கை அது, ஈறு நோய்க்கான முதல் தேர்வே இல்லை. சில கடைகள் செஃபிக்சிம் கொடுக்கின்றன. அந்த மருந்தை விற்றால் எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும் என்பது 2014 முதல் விதி. சீட்டில்லாமல் வாங்கக்கூடாது என்று எச்சரிக்கத்தான் பட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது. கத்தரித்துக் கொடுக்கும்போது பல சமயம் அந்தக் கோடே கடையில் தங்கிவிடுகிறது! சோதனைக்கு ஆளை அனுப்பாமல் கோடு மட்டும் அச்சடித்து யாருக்கு என்ன பயன்? பாதி கோர்ஸ், தப்பான மருந்து, மூன்று தடவை. நாளை உங்களுக்கே நிமோனியா வந்தால் வேலை செய்யவேண்டிய மருந்தை இப்போதே மழுக்கிக்கொள்கிறீர்கள்.

க்ளீன் செய்தால் பல் ஆடும் என்ற பயத்துக்கு வருகிறேன். பல் ஆடுவது எலும்பு கரைந்ததால். ஆடுகிற பல்லைக் காரை சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும், அதை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றும்போது பல்லிடுக்கும் தெரியும். சில வாரம் கூச்சமும் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்களால்தான் பாதிப் பேர் பாதியில் ஓடுகிறார்கள்.

ஆன்டிபயாடிக் உதவும் இடம் உண்டு. சின்ன வயதில் வேகமாக எலும்பு கரைகிறவர்களுக்கு, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடித்த அன்றே அமாக்சிசிலின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி. இரண்டும் நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்று எழுதுவது வழக்கம். சுத்தம் செய்வதையும் மாதக்கணக்கில் இழுக்காமல் ஒரு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. படலம் கலைந்திருக்கும்போதுதான் மருந்து உள்ளே போகும். சுரண்டாமல் இதே மாத்திரையைப் போட்டால் வாயில் உலோகச் சுவைதான் மிச்சம். மெட்ரோனிடசோல் போடும் நாட்களில் மது தொடக்கூடாது.

உங்களுக்கு முதலில் சுத்தம்தான். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஓரிரு பை ஆழமாகவே நின்றால், அதற்குள் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய மெல்லிய நார் வைக்கலாம். முதல் நாளே எல்லாப் பல்லுக்கும் நார் வைத்துப் பல்லுக்கு இவ்வளவு என்று பில் போடுகிற இடத்தில் உட்காராதீர்கள். கடையில் வாங்கி ஈறின்மேல் தடவும் ஜெல்லைச் சில நிமிடத்தில் எச்சில் அடித்துக்கொண்டு போய்விடும், பைக்குள் இறங்காது. இதற்கிடையில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். தனியாரில் செலவு அதிகம் என்றால் உங்களுக்குப் புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி பக்கம்தான். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் இந்தச் செலவைக் கேட்டால் கையை விரிப்பார்கள்.

இப்போது அம்மா. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுவார்கள். மெட்ரோனிடசோலோ, கடை மாத்திரையில் இருக்கும் அதே இனத்து ஆர்னிடசோலோ உள்ளே போனால் அந்த மருந்து உடலில் சிதைவது தாமதமாகும். சில நாளிலேயே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) எகிறி, ஈறில் மட்டுமல்ல, குடலிலும் மூளையிலும்கூட ரத்தம் கசியலாம். அதற்குப் பயந்து அசிட்ரோமை நீங்களாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

அவருக்கு ஆன்டிபயாடிக் தேவை, ஆனால் அது வேறு கணக்கு. பல் சுத்தம் செய்யும்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் போய் ஒட்டாமலிருக்க, சிகிச்சைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே தடவை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் வேறு மருந்தை இதய மருத்துவர் எழுதுவார். இது ஈறு நோயைக் குணமாக்க அல்ல, வால்வைக் காக்க. உலோக வால்வு, திசு வால்வு இரண்டுக்கும் இது பொருந்தும். ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இந்த டோஸ் வேண்டாம். ஒவ்வொரு தடவை சுத்தம் செய்யும்போதும் புதிதாக ஒரு டோஸ் வேண்டும் என்பதால், குறைந்த தடவைகளில் முடிக்கச் சொல்லி, நடுவே பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். சுத்தம் செய்வதற்கு முந்தைய நாள் ஐ.என்.ஆர். பார்த்து, அந்தத் தாளோடு வால்வு அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துப்போங்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே இதைத் தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுக்க மருத்துவமனைகளுக்கு என்ன கஷ்டம் என்று தெரியவில்லை.

உங்கள் இருவரில் யாருக்காவது காய்ச்சலோடு கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால் பல் மருத்துவரின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்று இரவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.