நான்கு மாதமாக விற்காத ஆர்எக்ஸ்-8: வாங்க வருபவர் எதற்குத் தயங்குகிறார்?

கேள்வி: அண்ணா, என்னிடம் 2006 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இருக்கிறது. ஆறு கியர் மேனுவல், 118,000 கிலோமீட்டர் ஓடியது, ஏழு வருடமாக என் கையில். விபத்து எதுவும் இல்லை. ரிம், எக்சாஸ்ட், ஸ்பிரிங் என்று 45,000 ராண்ட் வரை செலவழித்திருக்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டதால் விற்க முடிவு செய்து, 135,000 ராண்ட் என்று விளம்பரம் போட்டு நான்கு மாதம் ஆகிறது. இதுவரை பதினொரு பேர் நேரில் வந்து பார்த்தார்கள். எல்லோரும் "வண்டி அழகா இருக்கு, வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்று போனவர்கள்தான். டீலரிடம் போனால் 50,000 என்கிறார். விலையைக் குறைக்கட்டுமா, காத்திருக்கட்டுமா? (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

தம்பி, விலையை இப்போதைக்குத் தொடாதீர்கள். பதினொரு பேர் நேரில் வந்திருக்கிறார்களே, அதைக் கவனியுங்கள். விலை ஒத்துவராதவர் போனோடு நின்றுவிடுவார், சாட்ஸ்வொர்த் வரை பெட்ரோல் செலவழித்து வரமாட்டார். அப்படியானால் வண்டியைப் பார்த்த பிறகோ, ஸ்டார்ட் செய்த பிறகோதான் ஏதோ ஒன்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டி பார்த்துச் சொல்வதே என் வேலை. ஆர்எக்ஸ்-8 பார்க்கப் போகும் நாளில் என்னைக் கூட்டிப்போகிறவர் வழியிலேயே கேட்டுவிடுவார்: "எஞ்சின் போயிருக்குமா?" உங்கள் வாசலில் இறங்கும்போதே அவர் மனதில் 135,000-இலிருந்து ஒரு எஞ்சின் வேலைக்கான பணத்தைக் கழித்துவிட்டார். நீங்களோ நல்ல எஞ்சின் உள்ள வண்டிக்கான விலையைச் சொல்கிறீர்கள். இரண்டு பேரும் வெவ்வேறு வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. மற்றக் கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். இதில் முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுழல்கின்றன, அதனால் ரோட்டரி எஞ்சின் என்பார்கள். 1.3 லிட்டர்தான், ஆனால் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போய் 170 கிலோவாட் கொடுக்கும். ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனையிலும் மெல்லிய பட்டை போல ஒரு சீல் இருக்கிறது, அபெக்ஸ் சீல் என்பார்கள். அது எஞ்சின் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால் எண்ணெய் தேவை. அதனால் எஞ்சினே கொஞ்சம் எண்ணெயை உள்ளே பீய்ச்சி எரித்துக்கொள்ளும். எண்ணெய் குறைவது இந்த எஞ்சினின் இயல்பு. தெரியாதவர்கள் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் ஓட்டி சீலைத் தேய்த்துவிடுகிறார்கள். பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் பலவீனமானாலும் கதை இதேதான்: எரியாத பெட்ரோல், எக்சாஸ்ட்டில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை அடைக்கும், சூடு பின்னால் தங்கும், அந்தச் சூட்டில் சீல் போகும். சில நூறு ராண்ட் காயிலைத் தள்ளிப்போட்டு எஞ்சினையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

சீல் தேய்ந்ததன் முதல் அடையாளம் சூட்டில் தெரியும். போன வருடம் நம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு வீட்டு முற்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிவப்பு ஆர்எக்ஸ்-8, நன்றாகப் பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் ஒரே முறையில் பிடித்துக்கொண்டது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து அணைத்தோம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. வண்டிக்காரர் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்க்கிறார். கிட்டத்தட்ட பத்து வினாடி கழித்து, ஒரு நடுக்கத்தோடு பிடித்தது. வாங்க வந்த பையன் என் முகத்தைப் பார்த்தான். "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்றான். உங்களிடம் பதினொரு பேர் சொன்ன அதே வார்த்தை. உங்கள் வண்டி சூட்டில் எப்படிப் பிடிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு எழுகிறது என்று அளப்பது. இதைச் சாதாரண கராஜில் செய்யாதீர்கள். பிஸ்டன் எஞ்சினுக்கான கேஜ், வந்த அழுத்தங்களில் மிக அதிகமானதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். ரோட்டரில் மூன்று முகம் இருக்கிறது. இரண்டு நன்றாக இருந்து ஒன்று செத்திருந்தாலும் அந்தக் கேஜ் "நல்லது" என்றே சொல்லும். ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள கருவி மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்கள் வரவேண்டும், ஸ்டார்ட்டர் சுழன்ற வேகமும் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். 250 சுற்று வேகத்தில் புதிய எஞ்சினுக்கு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680 என்பது மாஸ்டாவின் கணக்கு. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக்கூடாது, இரண்டு ரோட்டருக்கு இடையில் 100-ஐத் தாண்டக்கூடாது. பேட்டரி சோர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழன்று எண் குறைவாக வரும், நல்ல எஞ்சினுக்கும் கெட்ட பெயர் வந்துவிடும். அதனால் முந்தின இரவே பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டுப் போங்கள். டர்பன் கடல் மட்டத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. இதே டெஸ்ட்டை ஜோஹன்னஸ்பர்க்கில் எடுத்தால் உயரத்துக்குத் திருத்தம் போட்டுத்தான் படிக்க வேண்டும்.

உயரம் என்றதும் இன்னொன்று. நாட்டில் அதிகம் கார் ஓடும் மாகாணம் கௌட்டெங். அதிலுள்ள ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதம் சக்தியை இழக்கும். உங்கள் 170 கிலோவாட் அங்கே போனால் சுமார் 140. அங்குள்ளவர்கள் டர்போ உள்ள ஒரு கோல்ஃப் ஜிடிஐயைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மனம் ஒட்டாது. போதாக்குறைக்கு, டர்பன் வண்டி என்றாலே உப்புக்காற்றுத் துருவைப் பற்றிக் கேட்பார்கள். 2022 ஏப்ரலில் இங்கே 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்துக்குப் பிறகு, "தண்ணீரில் நின்ற வண்டியா?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வண்டியைத் தூக்கி வைத்து அடிப்பகுதி, பின் சக்கர வளைவு, கதவுக்குக் கீழ் ஓரம், சீட் தண்டவாளம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அதையும் எடுங்கள். சேற்றுக் கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் இல்லை என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

இனி, உங்கள் வண்டியை வாங்கக்கூடியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். இவ்வளவு பழைய காருக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்கும், ஆக ரொக்கமாக 135,000 வைத்திருப்பவர் வேண்டும். அதே பணத்தை டெபாசிட்டாகப் போட்டால் வாரண்டியோடு புதிய ஸ்விஃப்டோ போலோ விவோவோ அவர் வாசலுக்கு வந்துவிடும். ஆசைப்படுகிற இருபத்திரண்டு வயதுப் பையனிடம் பணம் இருந்தாலும், அந்த வயதுக்கும் பின்சக்கர டிரைவ் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இன்சூரன்ஸ் பிரீமியம் கேட்டால் அப்பாவே வேண்டாம் என்பார். டிராக்கர் போட்டே ஆகவேண்டும் என்று நிபந்தனையும் வரலாம். பெட்ரோலையும் பாருங்கள்: நகரத்தில் 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் என்று வைத்தால், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 140 லிட்டர். சின்னக் கார் அதில் பாதியில் ஓடிவிடும். மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும் நாட்டில், வீட்டுக்காரம்மா போடும் முதல் கணக்கு இது. எனவே "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்பது எப்போதும் சாக்கு அல்ல. உண்மையிலேயே வீட்டில் கேட்டிருப்பார்கள்.

இதெல்லாம் நீங்கள் மாற்ற முடியாதவை. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். அவர் ரோட்டரி பிடித்தவர், வீட்டில் வேறொரு கார் வைத்திருப்பவர், பெரும்பாலும் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர். நம் ஊரில் ரோட்டரிக்குப் பழைய ரசிகர் கூட்டம் உண்டு, ஆர்எக்ஸ்-2, ஆர்எக்ஸ்-3 காலத்திலிருந்தே. அப்பா ஓட்டிய வண்டியின் சத்தம் இன்னும் காதில் இருப்பவர்கள். அவருக்குப் பெட்ரோல் செலவு தெரியும், எண்ணெய் ஊற்றவும் தெரியும். அவர் உங்களிடம் கேட்பது அந்த ஆறு எண்களை மட்டும்தான்.

அந்த ஆளுக்கு உங்கள் 45,000 ராண்ட் வேலை பிடிக்குமா? எக்சாஸ்ட்டும் தாழ்த்திய ஸ்பிரிங்கும் "இந்த வண்டியை விரட்டியிருக்கிறார்கள்" என்றுதான் அவரிடம் சொல்லும். நீங்கள் மெதுவாக ஓட்டியவராகவே இருக்கலாம், ஆனால் அதை அவர் எப்படி நம்புவார்? மாற்றங்களை இன்சூரன்ஸுக்குச் சொல்லவேண்டும் என்ற தொல்லையும் அவருக்கு வரும். பழைய ஸ்பிரிங், பழைய எக்சாஸ்ட் கராஜில் கிடந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். ரிம்மையும் மற்றதையும் தனியாக விற்றால் கொஞ்சம் பணமாவது கையில் வரும், வண்டி விலையில் அது ஏறவே ஏறாது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். கோயிலில் சூடம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. ஆனால் அந்தப் பாசத்துக்கு வாங்குபவர் விலை கொடுக்கமாட்டார். டயர் மட்டும் விதிவிலக்கு. நான்கும் ஒரே கம்பெனி, சரியான 225/45 ஆர்18 என்றிருந்தால் அனுபவசாலி அதைப் பார்த்ததும் கொஞ்சம் இளகுவார். நான்கு டயர் நான்கு விதமாக இருந்தால் எஞ்சினுக்கு எந்த எண்ணெய் ஊற்றியிருப்பார்கள் என்று யோசிப்பார்.

விளம்பரத்தில் "பளபளப்பான வண்டி, உண்மையாக வாங்குபவர் மட்டும்" என்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்: "கம்ப்ரஷன் ஆறு முகமும் இந்த மாதம் பார்த்தது, தாள் படத்தில் இருக்கிறது. காயில், பிளக் மாற்றிய பில் உண்டு. சூட்டில் ஸ்டார்ட் ஆகும் வீடியோ அனுப்புகிறேன்." வீடியோவில் வெப்ப முள் நடுவில் நிற்பது தெரியவேண்டும், வெட்டு இருக்கக்கூடாது. வாங்குபவர் வருவதற்கு முன் வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் அவரே ஸ்டார்ட் செய்யட்டும், ஓட்டிவிட்டு வந்து சூட்டிலும் அவரே செய்யட்டும். குளிர்ந்த எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பிளக் பெட்ரோலில் நனைந்து, மறுநாள் வண்டி பிடிக்காமல் மானம் போகும்.

டீலர் 50,000 என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரைக் குறை சொல்லமாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி டீலர் விற்ற பொருளுக்கு ஆறு மாதம் பொறுப்பு ஏற்கவேண்டும். எஞ்சின் ஐந்தாம் மாதம் போனால் அது அவர் தலையில் விழும். அதையும் சேர்த்துத்தான் கழித்திருக்கிறார். நீங்கள் தனிநபர், ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி என்று எழுதி விற்கலாம். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வார்த்தை காவல் நிற்காது. டெஸ்ட்டில் எண் குறைவாக வந்தால் அதைத் தெரியாதது போல விற்க வழியில்லை, மனசாட்சிக்கும் நல்லதல்ல.

சரி, டெஸ்ட் முடிந்த பிறகு என்ன? ஆறு எண்ணும் நன்றாக வந்தால் 135,000-ஐ அப்படியே வைத்து, தாளோடு புதிய விளம்பரம் போட்டு ஆறு வாரம் பாருங்கள். பேரத்துக்கு ஒரு எட்டாயிரம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மட்டும் போடாதீர்கள். பள்ளி திறக்கும் மாதத்தில் யார் கையிலும் பணம் நிற்காது. எண்கள் 680-ஐ ஒட்டியோ கீழேயோ வந்தால், ரோட்டரி வேலை தெரிந்தவரிடம் எஞ்சின் பிரித்துக் கட்ட எழுத்தில் விலை வாங்கி, அந்தத் தொகையைக் கழித்து, "எஞ்சின் வேலை தேவை" என்றே போடுங்கள். பாடியில் துரு இல்லாத, விபத்தில்லாத வண்டியைத் தேடும் ரோட்டரி ஆட்கள் அதை மகிழ்ச்சியாக எடுப்பார்கள். நீங்களே பிரித்துக் கட்டி விற்கலாமா என்று யோசிப்பீர்கள், வேண்டாம். போட்ட பணம் முழுதாகத் திரும்பாது.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழை இப்போதே எடுக்காதீர்கள், 60 நாள்தான் செல்லும். ஆள் உறுதியான பிறகு எடுங்கள். பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததை உங்கள் ஆப்பில் நீங்களே பார்த்த பிறகுதான் சாவி. அவர் காட்டும் ரசீதுப் படம் பணம் ஆகாது. அன்றே உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, அவருடைய அடையாள அட்டை நகலோடு லைசன்ஸ் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள். அவர் 21 நாளுக்குள் தன் பெயரில் பதிய வேண்டும். நீங்கள் அறிவிப்புக் கொடுக்காமல் விட்டால் அவர் வாங்கும் ஸ்பீட் கேமரா அபராதம் உங்கள் வீட்டுக்கே வரும்.

டெஸ்ட் எடுத்ததும் அந்த ஆறு எண்களையும் ஸ்டார்ட்டர் வேகத்தையும் எனக்கு எழுதுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.