கடித்தது நாய், கேஸ் யார் மேல்?

நாய்க்கடி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு லேப்ரடார் என் எட்டு வயது மகனின் தொடையைக் கடித்துவிட்டது. அவர்கள் வீட்டு கேட் திறந்தே கிடந்தது. ஊசிச் செலவைக் கொடுத்துவிட்டு, "இனி எதுவும் கேட்க மாட்டோம்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். ஸ்டேஷனில், "பேசி முடிச்சுக்கங்க" என்கிறார்கள். (ஒரு தாய், அம்பத்தூர்)

முதலில், கையெழுத்துப் போடாதீர்கள். தடுப்பூசியே 28ஆம் நாள் வரை போகும். தழும்பு எப்படி நிற்கும், பையன் மறுபடி தெருவில் இறங்கி விளையாடுவானா என்பதெல்லாம் தெரிய மாதக்கணக்கில் ஆகும். செலவு முடியாதபோது கணக்கை மட்டும் எப்படி முடிப்பது?

ஸ்டேஷனில் சொன்னது சட்டம் இல்லை. தன் வசம் இருக்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவில் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்தபோது உரிமையாளர் கைதானார். நீங்கள் புகாரை எழுத்தில் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தராவிட்டால் அதே புகாரைக் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

போலீஸ் வழக்கில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்டனை கிடைத்தாலும் உங்கள் கைக்குப் பணம் வந்துவிடாது. இழப்பீட்டுக்கு சிவில் வழக்குத்தான். பொதுவாக மூன்று வருட அவகாசம். சிறுவன் என்பதால் அவனுக்கு 18 வயது முடிந்த பிறகும் மூன்று வருடம் உண்டு. ஆனால் அதுவரை சாட்சி சொல்ல எதிர்வீட்டுக்காரர் அதே தெருவில் இருப்பாரா? மருத்துவச் செலவு, நீங்கள் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், ஆட்டோ வாடகை, வலி, தழும்பு, பின்னால் தேவைப்படும் சிகிச்சை எல்லாவற்றையும் கேட்கலாம். "எங்க நாய் இதுவரை யாரையும் கடிச்சதே இல்லை" என்பார்கள். ஏற்கெனவே குணம் தெரிந்த நாய் என்றால் உங்கள் வழக்குக்கு பலம் கூடும், உண்மைதான். ஆனால் கேட்டைத் திறந்து போட்டதே கவனக்குறைவு. அதற்கு முதல் கடி, இரண்டாம் கடி என்ற கணக்கில்லை.

இன்றே ஒன்றைச் சரிபாருங்கள். ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? என்னிடம் வந்த ஒரு வழக்கில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாமா பதற்றத்தில் "தெருவில் நாய் கடிச்சிருச்சு" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் "தெரு நாய் கடி" என்று எழுதிவிட்டார். கடித்தது மூன்றாம் வீட்டு நாய், பார்த்தவர்கள் நாலு பேர். இருந்தும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் என்னை ஒரு வருடம் இழுத்தடித்தார். யார் வீட்டு நாய், எந்த இடம், எத்தனை மணி என்பது முதல் சீட்டிலேயே இருக்க வேண்டும். கூடவே காயத்தின் போட்டோ, மருந்து பில், நாயின் தடுப்பூசிப் புத்தகத்தின் நகல் (அதைக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு).

வக்கீல் ஃபீஸ் கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள். சமாதானமாகப் போவதானாலும் அங்கே மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

"நாய் ஜாக்கிரதை" போர்டு மாட்டியிருக்கிறேன். அதையும் மீறி உள்ளே வந்த கூரியர் பையனைக் கடித்துவிட்டது. நான் பணம் தர வேண்டுமா? (திருச்சி)

தர வேண்டி வரலாம். கூரியர், கேஸ், பால், மீட்டர் ரீடிங் என்று வேலையாக வருகிறவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகமாட்டார். அப்புறம், அந்த போர்டே உங்களுக்கு எதிராகத் திரும்பும்: "நாய் கடிக்கும் என்று தெரிந்துதானே மாட்டினீர்கள்?" என்று கேட்பார்கள். ராத்திரி சுவரேறிக் குதித்தவன் கதை வேறு. அந்தப் பையனின் சிகிச்சையை நீங்களே முன்னின்று பாருங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள். அதற்காக அவரை ஊசி போடாமல் காத்திருக்கச் சொல்லாதீர்கள், ஊசி அன்றே ஆரம்பிக்க வேண்டும்.

தெரு நாய் கடித்தால் ஒரு பல் பதிவுக்குப் பத்தாயிரம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே. என் காலில் நாலு பல் பதிந்திருக்கிறது. (மதுரை)

நாற்பதாயிரம் என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது! தீர்ப்பு உண்மை, ஊர்தான் வேறு. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது அது: பல் பதிவு ஒன்றுக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000. கேரளத்திலும் 2016இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிரி ஜெகன் குழு தெருநாய்க் கடிக்கான இழப்பீட்டு மனுக்களை விசாரித்தது. பஞ்சாப் தீர்ப்பை இங்கே மேற்கோள் காட்டி வாதாடலாம், ஆனால் நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது.

இங்கே உங்களுக்கு உள்ள வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுத் தரப்பு கடமையைச் செய்யவில்லை என்று நேரடியாகப் போடும் மனு), அல்லது மாநகராட்சி மீது சிவில் வழக்கு. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சியின் கடமை. அதைச் செய்யத் தவறினார்கள் என்று காட்ட வேண்டியது நீங்கள். கடிபடுவதற்கு முன்பே அந்தத் தெருவிலிருந்து யாராவது புகார் கொடுத்த நகல் இருக்கிறதா என்று தேடுங்கள், அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி, பள்ளி, ரயில் நிலைய வளாகத்தில் கடித்திருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். அங்கேயுள்ள நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அரசுத் தரப்பு மீது என்றால் மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்காராமல் ஒரு வருடத்துக்குள் போய்விடுங்கள். வழக்குக்கு முன் அவர்களுக்கு அனுப்பும் நோட்டீஸின் காலமும் அதற்குள் அடங்க வேண்டும்.

தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். யாரையாவது கடித்தால் நான்தான் பொறுப்பு என்று அபார்ட்மென்ட் சங்கம் மிரட்டுகிறது. (கோவை)

சோறு வைத்ததாலேயே நாய் உங்களுடையது ஆகிவிடாது. 291ஆவது பிரிவு கேட்பது, "உன் வசம் இருந்ததா?" என்பதைத்தான். ஆனால் பெயர் வைத்து, பெல்ட் கட்டி, ராத்திரி வராண்டாவில் படுக்க வைத்தால் அந்தக் கோடு மங்க ஆரம்பிக்கும். மாடிப்படியிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்காதீர்கள். உணவு வைக்க இடமும் நேரமும் குறிப்பது சங்கத்தின் வேலை என்று அதே 2023 விதிகள் சொல்கின்றன. அதை எழுத்தில் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவரின் நாய் கடித்தால் ஹவுஸ் ஓனர் பொறுப்பா?

பொதுவாக இல்லை. நாய் யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

நாய் குறுக்கே வந்து பைக் சரிந்ததில் பின்னால் இருந்த என் மனைவிக்குக் கை எலும்பு முறிந்தது. நாய் கடிக்கவில்லை. ஏதாவது கிடைக்குமா? (சேலம்)

உங்கள் பைக்குக்கு என்ன இன்சூரன்ஸ்? வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது கஷ்டம். எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் அவர் மனுப் போடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 164ஆவது பிரிவில், யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் உண்டு. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். இன்னும் அதிகம் வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 166ஆவது பிரிவில் போக வேண்டும், அங்கே நீங்கள் கவனமில்லாமல் ஓட்டினீர்கள் என்று உங்கள் மனைவியே சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்! பணம் தரப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிதான். எதுவானாலும் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். எஃப்.ஐ.ஆரில் நாய் குறுக்கே வந்த விவரம் இருக்கட்டும்.