நாம எழுதினத பேர் போடாம பேப்பர்ல போட்டுட்டா என்ன பண்றது? கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். 19 வருஷம் தமிழ் நாளிதழ் டெஸ்க்ல இருந்தேன், முதல்ல ப்ரூஃப், அப்புறம் சப் எடிட்டர், கடைசி ஆறு வருஷம் மாவட்டப் பக்கங்களுக்கு நான்தான் பொறுப்பு. ஜனங்க ஆன்லைன்ல எழுதுறத பத்திரிகைகள் பேர் போடாம எடுத்துக்குறத பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொன்னேன், இவ்ளோ வரும்னு நினைக்கல. நான் வக்கீல் இல்ல, சட்டம் பத்தி சொல்றதெல்லாம் வேலைல இருந்தப்போ கத்துக்கிட்டதும் சட்டத்த எடுத்து வெச்சு படிச்சதும்தான். கேஸ் போடுற அளவுக்கு போனா கட்டாயம் ஒரு வக்கீல பாருங்க.

கேள்வி (தாம்பரம் பக்கம்): அக்கா, எங்க ஊர் ஏரி பத்தி ஃபேஸ்புக்ல எழுதினேன். தண்ணி எங்க நிரம்பி எங்க வழியும், எந்த வருஷம் எந்த இடத்துல மண்ணு கொட்டி அடைச்சாங்கன்னு நானே நடந்து பாத்து, பெரியவங்ககிட்ட கேட்டு எழுதினது. ஒரு நாளிதழ்ல நாலு பாரா அப்படியே வந்துருக்கு, "நெட்டிசன் ஒருவர் கூறியதாவது"ன்னு போட்டு. ஏரி நிரம்பி வழியுற இடத்துக்கு "கலங்கல்"னு எழுத வேண்டிய இடத்துல தப்பா "கலங்கள்"னு அடிச்சிருந்தேன், அந்த தப்பு கூட அப்படியே வந்துருக்கு. என்ன செய்யலாம்?

தம்பி, அந்த எழுத்துப்பிழைதான் உங்களுக்கு பெரிய சாட்சி. விஷயம் பொது, ஏரி யாருக்கும் சொந்தமில்ல, அதே தகவல இன்னொருத்தர் தானா விசாரிச்சு எழுதலாம், ஆனா அதே வாக்கியம் அதே வரிசைல அதே பிழையோட வரணும்னா எடுத்து ஒட்டினா மட்டும்தான் வரும். அமெரிக்காவுல 2014ல பஸ்ஃபீட்ங்கற செய்தி வெப்சைட்ல பென்னி ஜான்சன்ங்கறவர வேலைய விட்டு தூக்கினாங்களே, அதுவும் இப்படி வாக்கியத்த பக்கத்து பக்கத்துல வெச்சுதான் பிடிச்சாங்க. ட்விட்டர்ல ரெண்டு பேர் ஆரம்பிச்சு வெச்சாங்க, அப்புறம் பஸ்ஃபீடே உக்காந்து அவரோட 500 பதிவ சோதிச்சு 41 இடத்துல அடுத்தவங்க வாக்கியம் இருக்குன்னு ஒத்துக்கிட்டு வாசகர்கள்ட்ட மன்னிப்பு கேட்டுச்சு. எங்கேருந்து எடுத்திருந்தார் தெரியுமா, பெரிய எழுத்தாளர்கள்ட்ட இருந்து மட்டும் இல்ல, யாஹூ ஆன்சர்ஸ்ல யாரோ ஒரு சாதாரண ஆள் எழுதின பதில்ல இருந்தும். அந்த ஆளுக்கும் எழுத்து சொந்தம்தான்னு ஒரு பெரிய ஆபீஸ் ஒத்துக்கிட்டதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு.

நீங்க செய்ய வேண்டியது: உங்க பதிவ எடிட் பண்ணிடாதீங்க, பிழைய திருத்தணும்னு கை துறுதுறுங்கும், வேணாம். தேதி, நேரம், லிங்க் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பதிவு பப்ளிக்னா வேபேக் மெஷின்லயும் (வலைப்பக்கத்த தேதியோட சேமிச்சு வெக்கிற சைட்) போட்டு வெச்சுப் பாருங்க. பேப்பர வாங்கி வெச்சுக்கோங்க, இ-பேப்பர மட்டும் நம்பாதீங்க, எந்த பதிப்புன்னு மேல இருக்கும், அதையும் குறிச்சுக்கோங்க. அப்புறம் ஆசிரியருக்கு ஒரு கடிதம், நிருபருக்கு இல்ல ஆசிரியருக்கு, மெயில்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும். கோவமா வேணாம். "இந்த தேதி, இந்த பக்கம், இந்த நாலு பாரா என்னுடையது, என் பேரோட திருத்தம் போடணும்"னு மூணு வரி போதும்.

பதில் வரலைன்னா, பத்திரிகைகள் மேல வர புகார விசாரிக்கிற பிரஸ் கவுன்சில் இருக்கு. பத்திரிகைகளுக்கு அவங்க போட்ட நடத்தை நெறிகள்லயே, அடுத்தவர் எழுத்தையோ கருத்தையோ ஆதாரம் சொல்லாம தன்னுதா காட்டுறது தொழில் தர்மத்துக்கு எதிரான குற்றம்னு தெளிவா இருக்கு. முதல்ல ஆசிரியருக்கு எழுதிருக்கணும், அந்த கடித நகலும் செய்தியும் சேத்து, நாளிதழ்னா செய்தி வந்து ரெண்டு மாசத்துக்குள்ள அனுப்பணும். அபராதம் போட அவங்களுக்கு அதிகாரம் இல்ல, கண்டிக்கத்தான் முடியும். ஆனாலும் கவுன்சில்ல இருந்து நோட்டீஸ் வந்துச்சுன்னா ஆபீஸ்ல எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன்.

கேள்வி (ஈரோடு): ஒரு பேர் போடறதுல அவங்களுக்கு என்ன நஷ்டம்? ஏன் போட மாட்டேங்குறாங்க?

நஷ்டம் ஒண்ணுமில்ல. ராத்திரி பத்தரை மணி, மாவட்டப் பக்கத்துல கடைசில ஒரு விளம்பரம் கேன்சல் ஆகி அரை பத்தி காலியா நிக்குது, பக்கம் பதினோரு மணிக்கு அச்சுக்கு போயாகணும். சப் எடிட்டர் போன எடுத்து எது வைரலா இருக்குன்னு பாத்து காப்பி பண்றார், "சமூக வலைதளங்களில் பரவி வருகிறது"ன்னு ஒரு வரி சேத்தா செய்தி ரெடி. எழுதினவருக்கு மெசேஜ் போட்டு பதில் வர வரைக்கும் காத்திருக்க நேரமில்ல, பேர் போட்டா அந்த ஆள் யாரு என்ன கட்சின்னு நாளைக்கு ஏதாவது வந்துருமோன்னு பயம் வேற. "நெட்டிசன்"னு போட்டுட்டா யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.

நானும் அப்படி பக்கம் நிரப்பிருக்கேன். ஒரு தடவ மருத்துவச் செலவுக்கு வீட்ட வித்த கதைய ஒரு அம்மா எழுதினத பெட்டிச் செய்தியா போட்டேன், பேர் இல்லாம. அவங்க ஆபீஸுக்கு போன் பண்ணி "அது என் புருஷன் செத்த கதைம்மா, யாரோ ஒருத்தர்னு போட்டுட்டீங்களே"ன்னு கேட்டாங்க. அந்த குரல் இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் என் பக்கத்துல "நெட்டிசன்"ங்கற வார்த்தைய வர விடல.

கேள்வி (சிங்கப்பூர்): பப்ளிக்கா போட்டுட்டா எல்லாரும் எடுத்துக்கலாம்னுதானே அர்த்தம்? கண்டிஷன்ஸ்ல அப்படித்தான இருக்கு?

இல்லீங்க. இதே வாதத்த ஒரு பெரிய செய்தி நிறுவனம் கோர்ட்ல வெச்சு தோத்திருக்கு.

2010 ஜனவரி 12, ஹைட்டில பூகம்பம். டேனியல் மோரெல்னு அந்த ஊர்லயே பிறந்த போட்டோகிராஃபர், தலைநகர் போர்ட்-ஓ-ப்ரின்ஸ்ல இருந்தார், இடிபாடுக்குள்ள நின்னு படம் எடுத்து அன்னிக்கே ட்விட்டர்ல இருந்து பாக்குற மாதிரி ட்விட்பிக்ங்கற படம் போடுற சைட்ல போட்டார். கொஞ்ச நேரத்துல பக்கத்து நாட்டுல ஒருத்தர் அத தன் படம் மாதிரி தன் பக்கத்துல போட்டுக்கிட்டார். ஏஎஃப்பிங்கற பிரெஞ்சு செய்தி நிறுவனம் அங்கேருந்து எடுத்து அந்த ஆளோட பேரப் போட்டு உலகம் பூரா அனுப்பிடுச்சு, கெட்டிங்கற போட்டோ நிறுவனமும் விநியோகம் பண்ணுச்சு. அப்புறம் பேர மாத்துங்க, படத்த எடுத்துடுங்கன்னு ஏஎஃப்பி குறிப்பு அனுப்பினாங்க, ஆனா அதுக்குள்ள எங்கெங்கயோ போயாச்சு, கெட்டில தப்பான பேரோட அப்புறமும் கிடந்துச்சு.

ட்விட்டர்ல போட்டாலே யாரும் பயன்படுத்தலாம்னு அனுமதி குடுத்த மாதிரிதான்னு ஏஎஃப்பி வாதாடுச்சு. 2013 ஜனவரில நியூயார்க் நீதிபதி அலிசன் நேதன் அத ஏத்துக்கல. ட்விட்டருக்கு நாம குடுக்குற அனுமதி வேற, அங்கேருந்து ஒரு செய்தி நிறுவனம் எடுத்து விக்கிறது வேற. அதே வருஷம் நவம்பர்ல ஜூரி, தெரிஞ்சேதான் மீறினாங்கன்னு சொல்லி 12 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு. அது அமெரிக்க சட்டம், நம்ம ஊர் கோர்ட்டயோ உங்க ஊர் கோர்ட்டயோ கட்டுப்படுத்தாது. ஆனா "இன்டர்நெட்ல கிடைச்சது"ன்னு சொல்றவங்களுக்கு நான் முதல்ல சொல்ற கதை இதான். சொந்த ஊர் இடிஞ்சு கெடக்குறப்போ எடுத்த படம், அதுல வேற ஒருத்தன் பேரு!

கேள்வி (மதுரை): இந்திய சட்டம் என்ன சொல்லுது? நான் பதிவு எதுவும் ரெஜிஸ்டர் பண்ணலையே.

ரெஜிஸ்டர் பண்ண அவசியமே இல்ல, எழுதின நிமிஷமே காப்பிரைட் உங்களுது. 1957 சட்டம். அதுல 57வது பிரிவு, இது நான்தான் எழுதினேன்னு சொல்லிக்குற உரிமை எழுதினவருக்கு எப்பவும் உண்டுன்னு சொல்லுது, காப்பிரைட்டயே வித்துட்டாலும் அது போகாது. 62வது பிரிவுல இன்னொரு நல்ல விஷயம், பேப்பர் ஆபீஸ் சென்னைலயே இருந்தாலும் நீங்க குடியிருக்குற மதுரைலயே மாவட்ட கோர்ட்ல வழக்கு போடலாம்.

அதே சமயம் அவங்களுக்கும் உரிமை இருக்கு. 52வது பிரிவுல நடப்புச் செய்தி சொல்றதுக்காக நியாயமான அளவு எடுத்தாள்றது தப்பில்ல. ரெண்டு வரி மேற்கோள் காட்டி அத பத்தி எழுதினா சண்டைக்கு போகாதீங்க. முழு பதிவையும் ஒட்டி, கீழ ஒரு வரி கூட சொந்தமா எழுதலைன்னா அது நியாயமான அளவு இல்ல. கருத்துக்கும் தகவலுக்கும் காப்பிரைட் கிடையாது, 1978ல ஆர்.ஜி.ஆனந்த் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, சொன்ன விதத்துக்குத்தான் உரிமை.

நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு: அதே 52ல, அரசியல், பொருளாதாரம், சமூகம், மதம் பத்தின நடப்பு கட்டுரைய, எழுதினவர் உரிமைய தனக்குன்னு வெளிப்படையா சொல்லி வெச்சிருந்தா ஒழிய, பத்திரிகைகள் மறுபடி போட்டுக்கலாம்னு ஒரு உட்பிரிவு இருக்கு. அதனால நீளமா எழுதுறவங்க எல்லாரும் கடைசில "மறுபிரசுர உரிமை எனக்கே, கேட்டுவிட்டு பயன்படுத்தவும்"னு ஒரு வரி போட்டு வைங்க. காசா பணமா.

கேள்வி (கோவை, ட்ரெய்னி நிருபர்): மேடம், ஆன்லைன்ல ஒருத்தர் சொன்னத செய்தில எப்படி சரியா போடணும்?

நீங்க கேட்டதே சந்தோஷமா இருக்குப்பா. முதல்ல அந்த ஆள்கிட்ட பேசுங்க. மெசேஜ் இல்ல, போன்ல. எங்க இருக்கீங்க, நீங்களே பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களான்னு கேளுங்க. பாதி நேரம் அந்த போன்லதான் பதிவுல இல்லாத நல்ல செய்தியே கிடைக்கும். அப்புறம் "திருப்பூரில் தையல் யூனிட் நடத்தும் இன்னார் தன் முகநூல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்"னு பேர், ஊர், எங்க எழுதினார், எல்லாம் வரணும்.

இது வெறும் மரியாதைக்காக இல்ல. ஆதாரம் இன்னதுன்னு போட வேண்டிய கட்டாயம் இருந்தா அந்த ஆதாரம் நிக்குமான்னு நீங்களே ஒரு தடவ யோசிப்பீங்க. 2009 மார்ச்ல மோரிஸ் ஜார்னு பிரெஞ்சு சினிமா இசையமைப்பாளர் இறந்தப்போ, அயர்லாந்துல ஒரு காலேஜ் பையன், பத்திரிகைங்க எப்படி எடுக்குறாங்கன்னு பாக்கணும்னே, அவர் சொன்ன மாதிரி ஒரு பொய் வாசகத்த விக்கிப்பீடியால எழுதி வெச்சான். ஆதாரம் இல்லன்னு விக்கிப்பீடியாவுல இருக்குற தன்னார்வலர்களே அத தூக்கிட்டாங்க. ஆனா லண்டன் கார்டியன் உட்பட பல நாட்டு பேப்பர்ல அஞ்சலி கட்டுரைல அந்த வாசகம் வந்துடுச்சு. ஒருத்தரும் "விக்கிப்பீடியாவில் உள்ளபடி"ன்னு போடல. போட்டிருந்தா வாசகனுக்காவது சந்தேகம் வந்திருக்கும். அந்த பையனே மெயில் அனுப்பி சொன்னப்புறம்தான் கார்டியன் திருத்தம் போட்டுச்சு.

கேள்வி (ஊர் சொல்லல): எனக்கு நேர்மாறா நடந்துச்சு அக்கா. வேலை செய்ற இடத்துல மேனேஜர் தொல்லை பத்தி தெரிஞ்சவங்க மட்டும் இருக்குற குரூப்ல எழுதினேன். யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடுத்து, என் பேர் போட்டோவோட ஒரு வெப்சைட்ல வந்துடுச்சு.

தங்கச்சி, இது பேர் போடாததவிட மோசம். பேர் போடுங்கன்னு நான் சொல்றது எழுதினவர் சம்மதத்தோடதான். பூட்டின ரூம்ல சொன்னத தெருவுல கத்துறதுக்கு யாருக்கும் உரிமை இல்ல. இன்னிக்கே அந்த சைட்டோட குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்க, 2021 ஐடி விதிகள்படி செய்தி சைட்டுங்க அப்படி ஒருத்தர வெச்சு விவரத்த வெளில போட்டாகணும். பேரையும் படத்தையும் உடனே எடுங்கன்னு மட்டும் கேளுங்க, நடந்த கதைய மறுபடி எழுதாதீங்க. அதோட அவங்க ஃபேஸ்புக்ல பகிர்ந்திருந்தா அங்கயும் தனியா ரிப்போர்ட் பண்ணுங்க. வேலை இடத்துல நடந்தது பாலியல் தொல்லைன்னா, 2013 சட்டப்படி, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல உள்புகார் குழு இருக்கணும், இல்லன்னா மாவட்ட அளவுல ஒரு குழு இருக்கு. நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், அத தள்ளிப் போடாதீங்க. தனியா பேசணும்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எந்நேரமும் பரவால்ல.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, நான் இஞ்ச இருந்து கேக்கிறன், எங்களுக்கும் இப்பிடி சட்டம் இருக்கோ?

இருக்கு. உங்களுக்கு 2003ம் ஆண்டின் 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், அதுலயும் எழுதினவர் பேர் சொல்லப்படுற உரிமை உண்டு. பத்திரிகை மேல முறைப்பாடுன்னா கொழும்புல பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கு, முதல்ல ஆசிரியருக்கு எழுதிப் பாருங்க.

கேள்வி (நாகர்கோவில்): நான் எடுத்த கடல் சீற்ற வீடியோவ ஒரு டிவில போட்டாங்க, மூலைல இருந்த என் பேர மறைச்சு அவங்க லோகோவ வெச்சுட்டாங்க. பணம் கேக்கலாமா?

தாராளமா கேளுங்க. டிவி பிரஸ் கவுன்சில்ல வராது, சேனலுக்கே நேரா எழுதணும். ஒரிஜினல் ஃபைல் போன்லயே இருக்கட்டும், வாட்ஸ்அப்ல அனுப்பினா தேதி இடம் விவரமெல்லாம் போயிடும். யூட்யூப்லயும் அவங்க போட்டிருந்தா அங்க காப்பிரைட் புகார் குடுங்க, சேனல்காரங்க அதுக்குத்தான் ரொம்ப பயப்படுவாங்க, ஸ்ட்ரைக்னு யூட்யூப் குடுக்குற எச்சரிக்கை விழுந்தா சேனலுக்கே சிக்கல். எவ்ளோ கேக்குறதுன்னு எல்லாருக்கும் ஒரே ரேட் கிடையாது, உங்க ஊர்ல ஸ்டிரிங்கரா (செய்திக்கு இவ்ளோன்னு காசு வாங்குற பகுதிநேர நிருபரா) இருக்குறவர்கிட்ட ஒரு க்ளிப்புக்கு என்ன தராங்கன்னு விசாரிச்சு அதுக்கு மேல கேளுங்க, பேர மறைச்சது தெரிஞ்சே பண்ணினதுதானே. மறைச்ச இடம் தெரியுற மாதிரி அவங்க ஃப்ரேம் ஒண்ணும் உங்க ஃப்ரேம் ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மெயில்ல அனுப்புங்க, பதில் என்ன வருதுன்னு எனக்கும் சொல்லுங்க.