மச்சானுக்குப் பெயரைக் கொடுக்கலாமா? தேயிலை, லேபல், லைசன்ஸ்: கேள்வி பதில்

ஹட்டனில் சட்டத்தரணியாக இருப்பதால், தேயிலை பெக்கட் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சில.

கேள்வி (ஹட்டன்): அண்ணே, அப்பா காலத்திலேயே எங்கள் தேயிலைப் பெயரை வர்த்தகக் குறியாகப் பதிந்து வைத்திருக்கிறோம். பண்டாரவளையில் இருக்கும் மச்சான் அதே பெயரில் பெக்கட் போட்டு விற்கக் கேட்கிறார். வாய்ப்பேச்சு போதாதா?

பதில்: போதாது. மச்சான் என்றால் இன்னும் போதாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிம ஒப்பந்தம், அதாவது பெயரைப் பாவிக்கக் கொடுக்கும் லைசன்ஸ், எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் ஆட்கள் கோட்டை விடுவது வேறு இடத்தில். அவர் போடும் தூளின் தரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வழி செய்யாவிட்டால் ஒப்பந்தமே செல்லாமல் போகும். கடையில் வாங்குகிறவர் மச்சானை அறியமாட்டார், உங்கள் பெயரைத்தானே நம்புகிறார்!

நானே ஆரம்பத்தில் ஓர் ஒப்பந்தத்தில் "தரம் நன்றாக இருக்க வேண்டும்" என்று ஒரே வரி எழுதினேன். ஆறு மாதத்தில் பெக்கட்டில் பாதி டஸ்ட், அதாவது மாவு போன்ற பொடித் தூள். எது "நன்று" என்று இரண்டு பக்கமும் சண்டை. இப்போது எந்தக் கிரேட், எந்தத் தொழிற்சாலைத் தூள், மாதம் எத்தனை பெக்கட் மாதிரி அனுப்ப வேண்டும், தேநீர் ஊற்றிப் பார்த்துச் சரியில்லை என்றால் எத்தனை நாளில் கடையிலிருந்து எடுக்க வேண்டும் எல்லாம் எழுதுகிறேன். அப்புறம், ஒப்பந்தம் முடிந்த பிறகு மிச்சம் கிடக்கும் லேபல் என்ன ஆகும் என்பதையும்.

கேள்வி (வெலிமடை): லைசன்ஸ் வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் மட்டும்.

கேள்வி (நுவரெலியா): பெயர் லைசன்ஸ் எடுத்துவிட்டேன். லேபலில் "சிலோன் டீ" சிங்க இலச்சினையும் போடலாமா?

பதில்: அது இலங்கைத் தேயிலைச் சபையின் சொத்து. பெயரைக் கொடுத்தவரால் அதைக் கொடுக்க முடியாது, சபையிடம் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். முழுக்க இலங்கைத் தேயிலையாக, இங்கேயே பெக்கட் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தூள் கலந்தால் கிடைக்காது. "நுவரெலியாத் தேயிலை" என்பதையே உங்கள் வர்த்தகக் குறியாகப் பதியவும் கனவு காணாதீர்கள். ஊர்ப் பெயர் எல்லோருக்கும் பொது.

கேள்வி (லிந்துலை): அக்கரைப்பத்தனை மலையில் நான் எடுத்து முகநூலில் போட்ட படம் ஒரு தேயிலைப் பெட்டியில் இருக்கிறது. நான் எங்கும் பதியவில்லையே?

பதில்: பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை தம்பி. படம் எடுத்த நிமிடமே உங்களுக்கு உரிமை, உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 70 ஆண்டுக்கும். உங்கள் கையெழுத்துடன் அனுமதி இருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். முதலில் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கி, பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (மீண்டும் ஹட்டன்): அண்ணே, தேயிலைப் பெயரின் பதிவுப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். 2009 என்று இருக்கிறது. புதுப்பித்ததாக அப்பா எதுவும் சொன்னதில்லை.

பதில்: இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வர்த்தகக் குறிப் பதிவு 10 ஆண்டுக்குத்தான், அப்புறம் ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் புதுப்பிக்க வேண்டும். மச்சானிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகப் பதிவேட்டில் பெயர் இன்னும் அப்பா பேரில் இருக்கிறதா, இடையில் வேறு யாராவது விண்ணப்பித்துவிட்டார்களா என்று இந்த வாரமே பாருங்கள். பத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.