ஆச்சரியக்குறியை எழுத்திலும் கணினியிலும் எப்படிப் பயன்படுத்த வேண்டும்?

எழுதும்போது குறைவாகப் போடுங்கள், கணினியில் கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் யோசித்துப் போடுங்கள். என் பதில் அவ்வளவுதான். ஆனால் இரண்டாவதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

எழுத்தில் ஐயோ, அடடா போன்ற சொற்களை அடுத்து வரும். "தம்பி! இங்கே வா" என்று விளிக்கும்போதும், "என்ன வெயில்!" போன்ற வாக்கியங்களிலும் வரும். குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டாம், பின்னால் முற்றுப்புள்ளியும் வேண்டாம். "வந்துவிட்டானே" என்றால் அந்த ஏகாரமே பாதி வேலையை முடித்துவிடும், அங்கே குறி உங்கள் விருப்பம். மூன்று நான்கு குறிகளை அடுக்குவதுதான் எனக்குப் பிடிக்காது. ஒயிட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்ட் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் "நாளை தண்ணீர் வராது!!!" என்று அடிக்கடி வரும். பெங்களூரில் தண்ணீர் வராததற்கு யாராவது ஆச்சரியப்படுவார்களா? எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சரி, கணினி. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் ஆஸ்கி முறையில் இதன் எண் 33. சி, ஜாவா போன்ற நிரல் மொழிகளில் ! என்றால் 'இல்லை', != என்றால் 'சமமில்லை'. கோப்புகளைத் திருத்தும் விம் எடிட்டரில் வெளியேறும் கட்டளையோடு ! சேர்த்தால், சேமிக்காத மாற்றங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் !! ஒரு மதிப்பை ட்ரூ (உண்மை) அல்லது ஃபால்ஸ் (பொய்) ஆக்கும். டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லில் அதே !! கடைசியாக அடித்த கட்டளையை மறுபடி ஓட்டும். 'பர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்று வந்ததும், அதே கட்டளையை அட்மின் உரிமையோடு ஓட்டப் பலர் சூடோ !! என்று அடிப்பது இதனால்தான்.

பாஷில்தான் வம்பும். டீமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "அண்ணா, ஸ்கிரிப்ட்ல ஓடுது, கையால அடிச்சா 'ஈவென்ட் நாட் ஃபவுண்ட்'னு வருது" என்பார்கள். ஸ்கிரிப்ட் என்றால் கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு. பார்த்தால், கட்டளையில் எழுதிய பாஸ்வேர்டின் நடுவில் ஒரு ! இருக்கும். கையால் அடிக்கும்போது, அதை அடுத்து வரும் எழுத்துகளில் தொடங்கும் பழைய கட்டளையைப் பாஷ் ஹிஸ்டரியில், அதாவது முன்பு அடித்த கட்டளைகளின் பட்டியலில் தேடும், கிடைக்காவிட்டால் இந்தப் பிழையைக் காட்டும். ஸ்கிரிப்டில் இந்த வசதி இயல்பாகவே அணைந்திருக்கும். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தாலும் தேடத்தான் செய்யும், ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் விட்டுவிடும். அதைவிட, பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதாமல் அது கேட்கும்போது அடிப்பது நல்லது. ஹிஸ்டரியிலும் பதியாது.