இரண்டுக்கும் மூக்கு நீலம்: லவ் பேர்ட்ஸ் வாங்கியவர்கள் கேட்டவை

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்னால் வாரச் சந்தையில் லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி 700 ரூபாய்க்கு வாங்கினேன். மண் பானையும் கட்டிவிட்டேன். இன்றுவரை ஒரு முட்டைகூட இல்லை. விற்றவரிடம் கேட்டால் "பானையை மாத்திப் பாருங்க" என்றார். மாற்றியும் பார்த்தாயிற்று. நாள் முழுக்க ஒன்றுக்கொன்று வாயில் ஊட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் மூக்கு பளிச்சென்று நீலம். எங்கே தவறு? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: பானையில் தவறில்லை. உங்களிடம் இருப்பவை இரண்டும் ஆண்.

அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் இருக்கும் சதைப்பட்டையைத்தான் எல்லாரும் 'மூக்கு' என்கிறார்கள். வளர்ந்த ஆணுக்கு அது முழுக்க அடர் நீலம். முட்டையிடும் பருவத்துப் பெண்ணுக்குப் பழுப்பாகி, காய்ந்த மண் போலச் சொரசொரப்பாகிவிடும். ஏமாறுவது இளம் பறவைகளிடத்தில்தான். இளம் ஆணுக்கு மூக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்பு. இளம் பெண்ணுக்கு வெளிறிய நீலம், ஆனால் மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். அந்த வெளிறிய நீலத்தைப் பார்த்து 'ஆண்' என்று விற்கிற கடைகள் நிறைய. முழு வெள்ளை, முழு மஞ்சள் பறவைகளில் ஆணுக்கு வயதானாலும் நீலம் வராது, இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். அவற்றைத் தெரிந்தவர் துணையில்லாமல் ஜோடி சேர்க்க வேண்டாம்.

ஊட்டிக்கொள்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு ஆண்களைச் சேர்த்து வைத்தாலும் ஊட்டும், கோதிவிடும். கடைக்காரர் அகராதியில் ஜோடி என்றால் இரண்டு, அவ்வளவுதான்! அடுத்த முறை பில்லில் 'ஆண் 1, பெண் 1' என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிப்பவரிடம் வாங்க நீங்களும் யோசியுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்? குஞ்சு வேண்டாம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டு ஆண்கள் சண்டையில்லாமல் வாழும். இரண்டு பெண்கள் என்றால்தான் ரத்தக் களறி ஆகலாம். குஞ்சு வேண்டுமென்றால் ஒரு வயதை ஒட்டிய பெண்ணாகப் பார்த்து வாங்கி, முதல் 30 நாள் வேறு அறையில், வேறு கூண்டில் வையுங்கள். புதுப் பறவை கொண்டுவரும் நோய் இருக்கிற பறவைக்கு ஒட்டுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. பானையை அதன் பிறகு கட்டினால் போதும். ஒன்று விட்டு ஒரு நாள் என்று 4 முதல் 6 முட்டை வரும், ஒவ்வொன்றும் பொரிக்கச் சுமார் 18 நாள். அதனால் மூத்த குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஆறு முதல் பத்து நாள் வரை வித்தியாசம் இருக்கும். பயப்பட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு ஈடு போதும், பிறகு பானையைக் கழற்றிவிடுங்கள். பானை தொங்கினால் பெண் நிறுத்தாமல் இட்டுக்கொண்டே இருக்கும். உடம்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, முட்டை அடைத்துச் செத்துப்போகும். கூண்டில் எப்போதும் ஒரு கடல் நுரை (கணவாய் ஓடு) செருகி வையுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜி. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. குட்டை வால், தடித்த அலகு, விலையும் பல மடங்கு. கடைகளில் அதை 'ஆப்பிரிக்கன்' என்பார்கள். வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: என் மகள் கையில் உட்காரும் கிளி கேட்கிறாள். ஒரு கடையில் "கையில் பழகின பட்ஜி, பேசும், கியாரண்டி" என்று ஒன்றுக்கு 1,500 ரூபாய் சொல்கிறார்கள். சாதாரணக் குஞ்சு 350. வித்தியாசத்துக்குத் தகுந்த சரக்கா? (திருச்சி வாசகி)

பதில்: கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு என்பது உண்மையானால் அந்த விலையில் உழைப்பு இருக்கிறது. உண்மைதானா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். விரலில் உட்கார்ந்திருக்கும் பறவையின் இறக்கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நீள இறகுகள் வெட்டுப்பட்டிருந்தால் அது பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது, பழகி உட்காரவில்லை. இறக்கை முழுதாக இருந்தால், பறவையைக் கூண்டில் விடச் சொல்லி, உங்கள் விரலை உள்ளே நீட்டுங்கள். பழகிய குஞ்சு ஏறும், குறைந்தது நின்று பார்க்கும். பழகாதது கம்பியில் மோதிக்கொண்டு ஓடும்.

'பேசும் கியாரண்டி' என்பதற்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் தெரிந்தது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதே இனத்தில் ஆயுள் முழுக்கச் 'சிக் சிக்' என்பதோடு நிறுத்திக்கொள்பவையும் ஏராளம். ஆண் என்றால் வாய்ப்பு அதிகம், தனியாக வளர்ந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். அதற்கு மேல் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

என்னைக் கேட்டால் 350 ரூபாய்க் குஞ்சை வாங்குங்கள், மிச்சப் பணத்தில் அகலமான கூண்டு வாங்குங்கள். உயரம் முக்கியமில்லை, பட்ஜி குறுக்கேதான் பறக்கும். கம்பிக்குக் கம்பி அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. குஞ்சின் வயதை நெற்றியில் படியுங்கள்: கறுப்புக் கோடுகள் மூக்கைத் தொடும்வரை இறங்கியிருந்தால் இன்னும் முதல் இறகு உதிரவில்லை, அதாவது மூன்று நான்கு மாதத்துக்குள். கண்ணும் முழுக்கக் கறுப்பாக இருக்கும். நெற்றி வழுவழுவென்று ஆகி, கண்ணில் வெள்ளை வளையம் வந்துவிட்டதைக் 'குஞ்சு' என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பழக்குவதற்குப் பொறுமைதான் மூலதனம். முதல் நான்கு நாள் கிட்டப் போய்ப் பேசுவதோடு சரி. பிறகு தினைக் கதிரைப் பிடித்தபடி கையைக் கூண்டுக்குள் அசையாமல் வைத்திருங்கள், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். எங்கள் வீட்டுப் பச்சைக்காரன் ஆறு நாள் மூலையை விட்டு வரவில்லை. ஏழாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டி ஒரு தினையைப் பறித்துக்கொண்டு ஓடினான். பதினோராம் நாள் விரலை மெல்ல அடிவயிற்றில், காலுக்குச் சற்று மேலே அழுத்தியபோது ஒரு காலை எடுத்து வைத்தான், யோசித்தான், அடுத்ததையும் வைத்தான். அந்தக் கால்கள் அவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

வெளியே விடுவதற்கு முன் மகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: முதலில் ஃபேன் சுவிட்ச், பிறகு கூண்டுக் கதவு. நம் வீடுகளில் பட்ஜிக்கு முதல் எமன் சீலிங் ஃபேன். இரண்டாவது, அடுப்பில் காய்ந்து புகையும் நான்ஸ்டிக் தவா. அந்தப் புகை நம்மை இரும வைக்கும், பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

கேள்வி: ஃபேஸ்புக் குழுவில் பார்த்து வேறு ஊரிலிருந்து இரண்டு ஜோடி வரவழைத்தேன். பணம் ஜிபேயில் முன்கூட்டியே. ஆம்னி பஸ் பார்சலில் அட்டைப் பெட்டியில் வந்தன. ஒன்று வழியிலேயே செத்திருந்தது, இன்னொன்று மூன்றாம் நாள். "உயிருள்ள பொருளுக்குப் பொறுப்பில்லை" என்கிறார் விற்றவர். வழக்குப் போடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: போடலாம். விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தும். 'பொறுப்பில்லை' என்று வாட்ஸப்பில் எழுதிவிட்டால் பொறுப்பு மறைந்துவிடாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், பார்சல் சீட்டு, பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ, இறந்த நாள் தெரியும்படியான படம். மூன்றாம் நாள் செத்ததற்கு மருத்துவர் சீட்டு இல்லாவிட்டால் 'உங்கள் வீட்டில் செத்தது' என்பார், அதை உடைப்பது கடினம். தன் வீட்டில் பொரித்த குஞ்சை எப்போதாவது விற்கும் ஆள் என்றால் உங்கள் பக்கம் பலம் குறைவு.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 30, 40 கிராம் எடையுள்ள உயிரை இரவு முழுக்கப் பஸ்ஸின் டிக்கியில் போட்டு வரவழைத்ததில் வாங்கியவர் பங்கும் உண்டு. நேரில் போய் வாங்குங்கள். விலங்குக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2018 முதல் விதி; பதிவுச் சான்றைக் கேளுங்கள். கூண்டின் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, ஆசனவாய் இறகுகளில் எச்சம் ஒட்டியிருப்பது, மூக்கோரம் தேன்கூடு போலப் பொருக்கு படர்ந்திருப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் அந்தக் கூண்டிலிருந்து எதையுமே வாங்காதீர்கள், பக்கத்தில் உள்ளது நன்றாகத் தெரிந்தாலும்.

கேள்வி: பட்ஜி வளர்க்க லைசென்ஸ் வேண்டுமா? பட்ஜி விற்கும் கடையிலேயே பச்சைக்கிளிக் குஞ்சும் கொடுக்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: பட்ஜிக்கு வேண்டாம். பச்சைக்கிளி நம் காட்டுப் பறவை, 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பதும் குற்றம், வாங்கி வளர்ப்பதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பச்சைக்கிளியை ஒளித்து விற்கும் கடையில் பட்ஜியும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் பட்ஜி ஜோடி இரண்டும் பச்சை, ஒரு குஞ்சு மட்டும் நீலம். பானைக்குள் வேறு எதுவும் புகுந்துவிட்டதா? ஜோடியை விற்ற ஆள் ரோஸ் கலர் பட்ஜி தருவதாகவும் சொல்கிறார். (கோவை வாசகி)

பதில்: எதுவும் புகவில்லை, விற்றவரும் இதில் ஏமாற்றவில்லை. பச்சைதான் இயற்கை நிறம். நீலம் இரண்டு பெற்றோருக்குள்ளும் ஒளிந்திருந்தால் சராசரியாக நாலில் ஒன்று நீலமாக வரும். நீலமும் நீலமும் சேர்ந்தால் மட்டும் பச்சை வராது. ரோஸ் வேறு கதை. பட்ஜியின் இறகில் சிவப்பு நிறமியே கிடையாது. அது சாயம். அடுத்த முறை இறகு உதிரும்போது உங்கள் காசும் உதிரும்.

கேள்வி: 10 ஜோடி பட்ஜி, கூண்டோடு 60,000 ரூபாய் என்று ஒரு கம்பெனியில் சொல்கிறார்கள். பொரிக்கும் குஞ்சுகளை ஒன்று 500 ரூபாய்க்கு அவர்களே திரும்ப வாங்கிக்கொள்கிறார்களாம். ஓய்வு பெற்றவன், சேரலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஈரோட்டிலிருந்தா கேட்கிறீர்கள்? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டம் கவிழ்ந்தபோது போட்ட பணத்தை இழந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

கணக்கையும் பாருங்கள். இதே பகுதியில் மேலே ஒருவர் ஜோடி 700 என்று வாங்கியிருக்கிறார். 10 ஜோடிக்கு 7,000. நல்ல கூண்டுகளுக்கு இன்னொரு 10,000 வைத்தாலும் மிச்சம் 43,000 எதற்கு? சந்தையில் கடைசி விலையே 350 ஆக இருக்கும் குஞ்சை ஒருவர் 500 கொடுத்து வாங்கி யாரிடம் விற்பார்? அடுத்து வந்து சேருபவரின் 60,000-தான் உங்களுக்குக் கொடுக்கும் 500. ஜோடிக்கு வருடம் 8 குஞ்சு தேறினால் 80 குஞ்சு. கடைக்காரர் மொத்தமாக எடுக்கும்போது பாதி விலை, 175 தந்தால் 14,000. ஜோடிப் பறவைகள் இருபதுக்கு மட்டும் வருடத்துக்குத் தினை 50 கிலோ போல ஆகும். ஆசைக்கு வளர்ப்பவருக்குத் தினைக் காசு கிடைக்கும், அதுவே பெரிது.

அவர்கள் ஆபீசுக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். சேருவதாகச் சொல்லாமல், "திரும்ப வாங்கின குஞ்சு இருக்குமே, நாற்பது குஞ்சு 500 ரூபாய் மேனிக்கு எனக்குக் கொடுங்கள், இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.